ஸ்டெல்லா அக்காவும் மணற்காட்டு ஓக்குகளும்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத் தொலைபேசியில் ஸ்டெல்லா அக்காவின் தம்பி பேசினார். “அக்கா விடிய மோசம் போயிட்டா” என்றார். மாதக்கணக்காக நோயில் கிடந்தவர்; எதிர்பார்த்த சாவுதான். ஆனாலும் கையிலிருந்த மண் மாதிரியை எந்தத் தட்டில் கொட்டுவது என்று சற்று நேரம் எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியில், இந்தப் பான் நகரில் நம் தமிழர் பலர் அவரைக் கோயில் பாடகர் குழுவில் அறிவோம். நான் அவரோடு வேலையும் செய்தவன். மன்னாரில் தாவரவியல் படிப்பித்தவர், இங்கே எங்கள் ஆய்வுக் குழுவில் ஒரு மணற்காட்டைப் பொறுப்பேற்றார். ஓக் மரங்கள் தள்ளித் தள்ளி நிற்க, இடையில் புல்லும் வெயிலுமாகக் கிடந்த பழைய மேய்ச்சல் நிலம் அது. பின்னாளில் யாரோ நெருக்கமாகப் பைன் மரங்களை வைத்துக் கெடுத்திருந்தார்கள். அதை வெட்டிவிட்டு மறுபடி ஓக் கன்றுகளை நட்டோம்.

முதல் வசந்தத்தில் அக்கா கன்றுகளுக்கு மாட்டெரு போட்டார். வெளுத்த மணலைக் கண்டால் நம் ஊர்க்காரர் யாரும் அதைத்தான் செய்வார்கள். அந்த ஓக்குக்கோ சத்தில்லாத மண்ணே போதும். எருவைத் தின்று கொழுத்தது புல்தான். ஆனி மாதம் கன்றுகளைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

குழுத் தலைவர் ஜெர்மானியர். கோபப்படவே மாட்டார், அதனாலேயே அவரிடம் எங்களுக்குப் பயம். கன்றுகள் தேறாவிட்டால் இலையுதிர்காலத்தில் திரும்பவும் பைன்தான் என்றார். எரு போட்டது யார் என்று அவர் கேட்கும் முன்பே அக்கா சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் என்னிடம், “மரத்துக்குச் சாப்பாடு குடுக்கிறன் எண்டு புல்லுக்குக் குடுத்துப்போட்டன்” என்று சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

கொழுத்த மேல்மண்ணைச் சுரண்டி எடுத்தால் புல் அடங்கும். அக்கா சனிக்கிழமைகளில் கோயில் குடும்பங்களை மண்வெட்டியோடு கூட்டி வந்தார். “வேருக்குக் கிட்டப் போகாதேங்கோ, கையாலை எடுங்கோ” என்று கன்றுக்குக் கன்று ஓடினார். சுரண்டிய மண்ணை ஆளுக்கொரு பையாக வீட்டுக்குக் கொண்டு போனோம். அடுத்த கோடையில் பான் தமிழர் பால்கனிகளில் மிளகாய் காய்த்துத் தள்ளியது.

எரு போட்ட அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் தலைவர் வந்து, தேறியிருந்த கன்றுகளைச் சுற்றிப் பார்த்தார். பைன் வைக்கும் பேச்சை அதோடு விட்டுவிட்டார். அதன் பிறகும் புல்லை அடக்கி வைக்க அக்கா சனிக்கிழமை தவறாமல் போனார். நோய் முற்றியபோது அந்த வேலையை என்னிடம் விட்டார். அவர் கடைசியாகப் பார்த்தபோது கன்றுகள் தோளளவு இருந்தன.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தச் சனிக்கிழமைப் புல்வெட்டுத்தான். அடக்கம் முடிந்த மறுநாளும் போனேன். ஒரு ஓக் என் உயரத்தைத் தாண்டியிருந்தது. முதலில் அவரிடம்தான் சொல்லியிருப்பேன்.