நடுமரத்துக்கு வைத்த பெருங்காயம்

ஒரு மரத்தைக் கொன்ற குற்றத்துக்காக நான் மூன்று நாள் தலைமறைவாக இருந்திருக்கிறேன். தலைமறைவு என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பாட்டு நேரத்துக்கு ஒழுங்காக வீட்டுக்கு வந்துவிட்டு, மற்ற நேரமெல்லாம் ஆட்டுக்கொட்டிலில் பதுங்கிக் கிடந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது.

விளாத்திகுளத்துக்குக் கிழக்கே எங்கள் கரிசல் புஞ்சையில், கம்புக்கு நடுவே பதினோரு வேம்புகள் நின்றன. அம்மாவின் தம்பியான மாமா, தூத்துக்குடி துறைமுகத்தில் லாரி ஓட்டிச் சேர்த்த காசில் டிராக்டர் வாங்கியிருந்தார். புரட்டாசியில் உழ வந்தவருக்கு அந்த மரங்களைக் கண்டாலே ஆகவில்லை.

“அத்தான், இது புஞ்சையா, சர்க்கஸ் கொட்டாயா? ஒவ்வொரு மரத்தையும் சுத்திச் சுத்தி வண்டி டீசலக் குடிக்கி. நிழல்ல கம்பும் சோனியாத்தான் நிக்கும். வெட்டித் தள்ளும்.”

“வெட்டிட்டு ஒங்கக்கா எத வச்சு அடுப்பெரிப்பா? ஒன் டீசல ஊத்தியா?” என்றார் அப்பா. அந்த மரங்களில் கழித்த கிளைகள்தான் வருஷம் முழுக்க எங்களுக்கு விறகு. உதிர்ந்த சருகுதான் புஞ்சைக்கு உரம்.

மாமா என் பக்கம் திரும்பினார். “ஏலே மருமவனே, அந்த நடுமரம் மட்டும் இல்லன்னா நேரா ஒரே ஓட்டு. ஒன்னையே ஸ்டியரிங் பிடிக்க விடுவேன்.”

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் வேலையில் இறங்கிவிட்டேன். வேரில் பெருங்காயம் வைத்தால் மரம் பட்டுப்போகும் என்பது எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் தவிர மற்ற எல்லோரும் நடத்திய பாடம். அம்மாவின் டப்பாவிலிருந்த கட்டிக் காயத்தை எடுத்துப் போய் நடுமரத்து வேரோரம் புதைத்தேன். ஒரு வாரம் போய்ப் போய்ப் பார்த்தேன். மரம் அசைந்து கொடுக்கவில்லை. மறந்துவிட்டேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றியது. கம்பு முழங்கால் உயரத்திலேயே கருகிப்போனது. தை கழிந்ததும், மரமில்லாத பக்கத்துப் புஞ்சைக்காரர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு தூத்துக்குடி உப்பளத்துக்கு வேலைக்குக் கிளம்பினார்கள். நாமும் மூட்டை கட்டலாமா என்று அம்மா கேட்டாள்.

“ஏளா, கம்பு போனாப் போவுது. பதினோரு மரமும் நிக்கில்லா? ஆட்டுக்குக் குழை ஆச்சு. ஆனி, ஆடியில வேப்பமுத்து பெறக்கி வித்துரலாம். மரம் நிக்க வரைக்கும் நாம எதுக்கு ஊர விட்டுப் போவணும்?” என்றார் அப்பா.

மறுவாரமே நடுமரத்து இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. மாசியில் வேம்பு மொட்டையாவதை வருஷா வருஷம் பார்த்தவன்தான் நான். ஆனால் குற்றவாளிக்கு அதெல்லாம் ஞாபகம் வராது. மறுநாள் அடுத்த மரமும் கொட்டியது. பிறகு புஞ்சை முழுக்க. அப்புறம் கோயில் வேம்பு, பள்ளிக்கூடத்து வேம்பு. பெருங்காயம் வேர்வழியே ஊரெல்லாம் பரவிவிட்டது என்று முடிவு கட்டினேன். இந்த வேகத்தில் போனால் வெள்ளிக்கிழமைக்குள் எட்டயபுரத்தைத் தொட்டுவிடும், அங்கிருந்து போலீஸ் வரும்.

மூன்றாம் நாள் அப்பா கொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, “என்னலே இங்கன?” என்றதுதான் தாமதம், அவர் காலைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பள்ளிக்கூடத்து மரத்தைக் கொன்றதையும் சேர்த்து ஒப்புக்கொண்டேன்.

அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். “மாசியில வேம்பு இலை உதுக்காம வேற என்னலே செய்யும்? ரசத்துல போடுத காயத்துக்கெல்லாம் அது சாவுமா?”

எனக்கு உயிர் வந்தது. சிரித்து முடித்தவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னார். கொஞ்சம் வெட்டினார். வேர் தென்பட்டதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் கையாலேயே தோண்டினார். மண்ணை அள்ளி அள்ளி மோந்து பார்த்தார். வாசம் அடித்த மண்ணையெல்லாம் ஓலைப்பெட்டியில் வாரி, ஓடைக்கு அப்பால் கொண்டுபோய்க் கொட்டினார். குடிக்கவென்று அம்மா தூரத்திலிருந்து சுமந்து வந்த குடத்தை அவள் இடுப்பிலிருந்தே வாங்கி, வேரில் கவிழ்த்தார். அம்மா வெறுங்குடத்தை வாங்கிக்கொண்டு திரும்பவும் தண்ணீருக்கு நடந்தாள்.

மூன்று நாள் பதுங்கிக் கிடந்ததை நினைத்து எனக்கு ஒரே வெட்கம். ஊரிலேயே பயந்துபோன ஒரே ஆள் நான்தான் என்று நம்பிக்கொண்டு, அவர் தோண்டிய குழியை எட்டிப் பார்த்தபடி நின்றேன்.