வேட்டியில் நடந்த செய்முறை

கடலூரில் நான் அறிவியல் எடுக்கும் பெண்கள் பள்ளிக்கு நானோ அறிவியல் செய்முறைப் பெட்டி ஒன்று வந்தது. தானாக வரவில்லை. சிதம்பரத்தில் ஆசிரியர் பயிற்சி முடிந்த அன்று, கூட்டமான பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு நான்தான் கொண்டுவந்தேன். பயிற்சியில் எங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றே ஒன்று: பிள்ளைகள் தங்கள் கையால் செய்து பார்க்கட்டும், நீங்கள் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.

தலைமையாசிரியை பெட்டியைத் திறந்து பார்த்தார். கையுறைகள், சொட்டுக் குழாய்கள், துணித் துண்டுகள், ஒரு ஸ்பிரே புட்டி.

"இதுல நானோ எங்க?"

"புட்டிக்குள்ள இருக்கு மேடம். கண்ணுக்கே தெரியாத துகள். துணியில அடிச்சு காயவெச்சா தண்ணி ஒட்டாது, உருண்டு ஓடிடும்."

"கண்ணுக்குத் தெரியாததுன்னா இன்னும் ஜாக்கிரதையா வெக்கணும்" என்று பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"பிள்ளைங்க செய்யணும் மேடம்."

"செய்யட்டும், யாரு வேணாம்னாங்க? முதல்ல திறப்பு விழா வெப்போம்."

பெட்டிக்கு எதற்குத் திறப்பு விழா என்று நான் கேட்கவில்லை. கைகழுவும் குழாய்க்கே ரிப்பன் வெட்டிய பள்ளி எங்களுடையது.

சிறப்பு விருந்தினராக வந்தவர் பண்ருட்டியில் முந்திரி வியாபாரம் செய்பவர். பள்ளிக்கு பெஞ்சு வாங்கிக் கொடுத்தவர். கலகலப்பான மனிதர். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை மேடைக்கு எதிரே தரையில் உட்காரவைத்து, "கையக் கட்டுங்க" என்றார் தலைமையாசிரியை. கையுறைகளை அவர் ஒரு ஜோடியும் விருந்தினர் ஒரு ஜோடியும் மாட்டிக்கொண்டார்கள். போட்டோ எடுக்கப்பட்டது.

முதல் நாளே ஸ்பிரே அடித்துக் காயவைத்திருந்த துணியில் தண்ணீரை ஊற்றினேன். முத்து முத்தாக உருண்டு ஓடியது. கைதட்டல். விருந்தினருக்குச் சந்தேகம்.

"துண்டுத் துணியில ஆயிரம் வித்தை பண்ணலாம்மா. என் வேட்டியில அடிங்க, பாப்போம்."

"ஐயா, காயறதுக்கு நேரமாவும்..."

"நான் பேசி முடிக்கறதுக்குள்ள காஞ்சிடும்."

அதில் உண்மை இருந்தது. வேட்டி காய்ந்து வெகுநேரம் கழித்துத்தான் அவர் பேச்சு முடிந்தது. முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஊற்றினோம், நிற்காமல் ஓடியது. அவர் குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சமயம் பார்த்துச் சூடாகக் காபி வந்தது. நான் எட்டிப் பிடிப்பதற்குள் டம்ளரை எடுத்து அதே இடத்தில் கவிழ்த்துவிட்டார்.

காபி உருளவில்லை. உள்ளே போனது. அவர் "ஐயோ அம்மா!" என்று துள்ளி எழுந்தார். பிள்ளைகள் கட்டியிருந்த கையை அவிழ்த்து வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

பழுப்புக் கறை உள்ளங்கை அகலத்துக்குப் பரவிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை மட்டும் நிதானம் இழக்கவில்லை. "ஒண்ணும் இல்லைங்கய்யா, நானோ கறைதான். கண்ணுக்குத் தெரியாது" என்றார்.

விருந்தினர் கறையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு காருக்குப் போனார்.

மறுநாள் தலைமையாசிரியை புது வேட்டியோடு பண்ருட்டிக்குக் கிளம்பினார். போகிற அவசரத்தில் பீரோவைப் பூட்டவில்லை. நான் ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்ததும் முன்வரிசைப் பெண் எழுந்தாள்.

"மிஸ், தண்ணி ஓடிடுச்சு, காபி மட்டும் ஏன் உள்ள போச்சு? சூடுனாலயா, பாலுனாலயா, சக்கரையாலயா?"

எனக்குத் தெரியவில்லை. பயிற்சியில் யாரும் காபி ஊற்றவில்லை. போய்ப் பெட்டியை எடுத்துவந்தேன்.

பிள்ளைகள் துணிகளுக்கு ஸ்பிரே அடித்து, காயவைத்து, குழு குழுவாக உட்கார்ந்தார்கள். சர்க்கரைத் தண்ணீர் உருண்டு ஓடியது. ஆறிய பால் ஓடியது, ஆனால் லேசாகத் தடம் விட்டது. வெந்நீர் கொஞ்சம் ஓடி, கொஞ்சம் உள்ளே இறங்கியது. யாரோ சோப்புத் தண்ணீர் ஊற்ற, அது தங்குதடையில்லாமல் உள்ளே போனது. "அப்ப பாலு, சூடு ரெண்டுமே குத்தவாளிடி" என்றது ஒரு குழு. "எங்க துணிய சரியா காயவெக்கல, மறுபடி பண்ணணும்" என்றது இன்னொன்று. ஒரே சண்டை. எனக்கு அன்றைக்குத்தான் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடிந்தது.

மதியம் தலைமையாசிரியை வந்துவிட்டார். வகுப்பு முழுக்க ஈரத் துணி, மேஜையில் காலிப் புட்டி.

"யாரக் கேட்டு எடுத்தீங்க டீச்சர்? அடுத்த வாரம் கல்வி ஆபீஸ்லேர்ந்து பாக்க வந்தா என்னாத்த காட்டறது?"

நான் பதில் சொல்வதற்குள் ஒரு பெண், விஷயம் புரியாமல், அவரிடமே துணியை நீட்டினாள். "மேடம், இதுல நீங்க ஊத்திப் பாருங்க. சக்கரைத் தண்ணி."

வேறு வழியில்லாமல் வாங்கினார். ஒரு சொட்டு விட்டார். அது உருண்டு ஓரம்வரை போய் நின்றது. துணியை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். நேற்று கையுறை மாட்டியவர் தண்ணீரைத் தொடவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏண்டி," என்றார் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "நல்லெண்ணெய் ஊத்திப் பாத்தீங்களா?"