தலைவலிக்கு எடுத்த ஸ்கேன்

என் மனைவிக்கு மூன்று மாதமாகத் தலைவலி. தி.நகர் டாக்டர் அவள் கண்ணில் விளக்கடித்துப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை. நேராக ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். சீட்டின் தலைப்பில் ஸ்கேன் சென்டரின் பெயரே அச்சாகியிருந்தது. முப்பது வருஷம் அரசாங்கத்தில் மருத்துவ பில்களைத் திருப்பி அனுப்பியவன் நான். “எந்த அறிகுறியைப் பார்த்து எழுதினீர்கள்?” என்று கேட்டேன்.

“கட்டி இருந்தா நீங்க பொறுப்பேத்துப்பீங்களா சார்?” என்றார்.

அதைக் கேட்ட பிறகு இவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஸ்கேன் எடுத்தோம். மூளையில் ஒன்றுமில்லை என்று வந்தது. பயம் போயிற்று, வலி போகவில்லை.

முதல் டாக்டரின் குட்டு வெளிப்படும் என்ற ஆசையில், படத்தை மயிலாப்பூரில் ஒரு வயதான நரம்பு டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் இவளை நன்றாகச் சோதித்தார். படத்தை ஒரு நிமிஷம்தான் பார்த்தார். “தினம் எத்தனை வலி மாத்திரை போட்டுக்கறேள்மா?”

“மூணு. சில நாள் நாலு.”

“அந்த மாத்திரையேதான் இப்போ தலைவலியைக் கிளப்பறது. யார் எழுதிக் கொடுத்தா?”

இவள் என்னைக் காட்டினாள். “இவர்தான். டாக்டர்னா ஏமாத்துவான்னு, சீட்டில்லாம கடையில வாங்கிண்டு வந்து கொடுப்பார்.”