கதண்டும் அஞ்சு வாட்டும்

போன ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பதினோரு மணி வெயிலில், ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கட்டிங் பிளேயரும் கையுமாக நின்றுகொண்டிருந்தேன். எனக்கு மோட்டார் ரீவைண்டிங் கடை. எரிந்துபோன மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுப்பேன். மிச்சமாகும் செம்புக் கம்பியை வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன்டெனா கட்டுவேன். வீட்டிலிருந்தே வயர்லெஸ்ஸில் ஊர் உலகத்தோடு பேச, முறையாகப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிய ஹாம் ரேடியோக்காரன் நான்.

பெரிய ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். என் செட் டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதிலிருந்து போவது வெறும் அஞ்சு வாட், சாமி படத்துக்கு முன்னால் எரிகிற குட்டி பல்பு இழுக்கிற கரண்ட். பேசுகிற வசதி கிடையாது, புள்ளியும் கோடுமாக மோர்ஸ் மட்டும் தட்டலாம். மற்றவர்கள் பேசினால் கேட்கலாம். மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து பக்கத்து வீட்டுத் தென்னைக்கு இழுத்த கம்பியை வைத்துக்கொண்டு ஜப்பான்காரனிடம் நலம் விசாரித்திருக்கிறேன். "வீட்டுல இருக்கவ கேட்டா மட்டும் பதில் வராது" என்பாள் என் மனைவி.

அவள் சொல்வதில் தப்பில்லை. எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. காலையில் கம்பியை ஒரு சாண் வெட்டுவேன், மாலையில் அதே ஒரு சாணை ஒட்டுவேன். நன்றாக வேலை செய்கிற ஆன்டெனாவை நோண்டாமல் விட்டதாகச் சரித்திரமே இல்லை. ரேடியோவில் பேசியதைவிட ரேடியோவைச் சரி செய்த நேரம்தான் அதிகம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் எனக்கு நேர் எதிர். ஒரு லென்ஸை அரை மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்ப்பவன். இருவரும் ஒன்றாகத்தான் பரீட்சை எழுதினோம். ஞாயிறானால் தன் செட்டையும் பேட்டரியையும் ஒரு சுருள் கம்பியையும் பையில் போட்டுக்கொண்டு மலையடிவாரத்துக்குப் பைக்கில் போய்விடுவான். கல் கட்டிய நூலை மரக்கிளைக்கு மேலாக எறிந்து, நூலோடு கம்பியை இழுத்தால் ஆன்டெனா ரெடி. அன்று பிளவக்கல் பக்கம் போவதாகவும், பதினோரு மணிக்கு எங்கள் வழக்கமான அலைவரிசையில் கூப்பிடுவதாகவும் காலையில் போன் செய்தான். எந்தத் தோப்பு, எந்த வழி என்று அவன் விளக்க ஆரம்பித்ததும், "சரி மாப்ள, ஏர்ல பாப்போம்" என்று வைத்துவிட்டேன். முழுசாகக் கேட்கப் பொறுமை இல்லை.

பதினோரு மணிக்கு செட்டைப் போட்டால் பக்கத்து வீட்டு கிரைண்டர் இரைச்சல்தான் வருகிறது. அவன் சத்தத்தைக் காணோம். இரண்டு நிமிஷம்கூடக் காத்திருந்திருக்க மாட்டேன். குறை நம் கம்பியில்தான் என்று முடிவு கட்டி, இரைச்சல் காதைக் குடைகிறதே என்று வால்யூமைக் குறைத்துவிட்டு மாடி ஏறினேன்.

ஒரு துண்டு வெட்டுவேன். கீழே ஓடிவந்து, மோர்ஸ் தட்டுகிற கீயில் என் நிலையத்தின் குறியீட்டை ஒரு தரம் தட்டிவிட்டு, கீயை அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு மீட்டர் முள்ளைப் பார்ப்பேன். அனுப்புகிற சக்தி கம்பியில் ஏறுகிறதா, செட்டுக்கே திரும்பி வருகிறதா என்று அது காட்டும். பிடிக்காவிட்டால் மறுபடி மாடி. இப்படி அழுத்திப் பிடிக்கும்போது அந்த அலைவரிசை முழுக்க 'கூ' என்று ஒரே சத்தம்தான் போகும். அதனால் இந்தச் சோதனையை ஆள் இல்லாத இடத்துக்குத் தள்ளிப்போய்ச் செய்ய வேண்டும், அதற்கு முன்னும் செத்த நேரம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்தான் நான். ஆனால் வரப்போவது நம்ம ஆள், அவனும் இன்னும் வரவில்லை, யாருக்கு இடைஞ்சல் என்று நினைத்துவிட்டேன்.

ஏழெட்டு நிமிஷம் இந்தக் கூத்து நடந்தது. முள் நான் கேட்ட இடத்துக்கு வந்து நின்றது. திருப்தியாக வால்யூமை ஏற்றினேன்.

ஒரு பெண்ணின் குரல், நல்ல பலமாக. பேச்சில் மலையாள வாடை, கேரளத்தில் எங்கோ செட்டோடு உட்கார்ந்திருப்பவர். என் நிலையத்தின் குறியீட்டைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "சார், கீயில இருந்து ஒண்ணு கையெடுக்கணும். எத்தனை தடவை சொல்லுறேன். உங்களுக்கு அடியில வேறொரு ஆள் மோர்ஸ் அடிக்குது. அது சும்மா அடிக்கிற மாதிரி இல்ல."

கிரைண்டர் நின்றிருந்தது. காதை ஸ்பீக்கரோடு ஒட்டினேன். ஈனஸ்வரத்தில், விட்டு விட்டு, ஒரு மோர்ஸ். அவன் கைதான். கையெழுத்து மாதிரிதான் மோர்ஸும், யாருடையது என்று கேட்டதும் தெரியும். ஆனால் அவ்வளவு சுத்தமாகத் தட்டுகிறவன் அன்று குடிகாரன் மாதிரி தடுமாறினான். தமிழ் வார்த்தையை இங்கிலீஷ் எழுத்தில் தட்டுவது எங்கள் பழக்கம். பேப்பரில் எழுதினேன். கதண்டு. நிறைய கொட்டிட்டு. மூச்சு முட்டுது.

எறிந்த கல் கிளையில் இருந்த கதண்டுக் கூட்டில், அந்தப் பெரிய விஷக் குளவிக் கூட்டில், பட்டிருக்கிறது. கதண்டு கொட்டி ஆள் போன சேதியை எங்கள் பக்கத்தில் வருஷம் ஒன்றாவது கேள்விப்படுவோம். நான் பைக் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினேன்.

மனைவி குறுக்கே வந்து நின்றாள். "எங்க போறிய? எடம் தெரியுமா?"

தெரியாது. காலையில் அவன் சொல்ல வந்ததைத்தான் நான் கேட்கவில்லையே.

"போயி உக்காந்து அவரட்ட கேளுங்க. போன் பேசுறத நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

உட்கார்ந்து கேட்டேன். ஒவ்வொரு எழுத்தாக வந்தது. சில எழுத்துகள் என் காதில் விழவில்லை, அந்தக் கேரளத்து அம்மா பிடித்துச் சொன்னார். கான்சாபுரம் தாண்டி, கால்வாய் ஓரம், மாந்தோப்பு, நீலக் கதவு போட்ட பம்புசெட் ரூம். அதற்குள் ஓடிப்போய்க் கதவை அடைத்துக்கொண்டிருக்கிறான். தொண்டை வீங்கிக் குரல் எழும்பவில்லை. கத்தினாலும் கேட்க ஞாயிற்றுக்கிழமை தோப்பில் யார் இருக்கிறார்கள்? போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது. தோளில் மாட்டியிருந்த பையில் செட் இருந்தது. கம்பியை ஜன்னல் வழியாக வெளியே இருந்த எலுமிச்சை மேல் வீசிவிட்டு, விரலை மட்டும் வைத்துத் தட்டியிருக்கிறான்.

என் மச்சினன் கான்சாபுரத்தில்தான் விவசாயம் பார்க்கிறான். மனைவி முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னாள், பிறகு தம்பியைப் பிடித்தாள். "ஏலே, கம்பளி இருந்தா தலையோட போத்திக்கிட்டுப் போ. அங்க போன் எடுக்காது. உள்ள ஒரு சின்ன டப்பா இருக்கும், அதுல ஒரு கட்டை நீட்டிக்கிட்டு இருக்கும். ஆளப் பாத்ததும் அத அமுக்கு. அத்தானுக்குக் கேக்கும்."

எனக்கு அப்படி ஒரு யோசனை வந்திருக்கவே வந்திருக்காது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வேலைதான், உட்கார்ந்திருப்பது. "அவர் இனி வார்த்தை அடிக்க வேண்டாம், மூச்சு மிச்சமாகட்டும்" என்றார் அந்த அம்மா. நிமிஷத்துக்கு ஒரு தரம் நான் 'இருக்கேன்' என்று தட்டுவேன். அவன் ஒரே ஒரு புள்ளி தட்டுவான். அவ்வளவுதான் பேச்சு. எழுந்து ஓட வேண்டும் போல் இருந்தது. கம்பியை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கட்டினால் நன்றாகக் கேட்குமே என்று அப்போதும் ஒரு குறுகுறுப்பு, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். மனைவி என் முதுகுக்குப் பின்னால் வந்து இரண்டு தோளையும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

பத்துப் புள்ளி வந்திருக்கும். பிறகு வரவில்லை. நான் தட்டுகிறேன், பதில் இல்லை. மறுபடி தட்டுகிறேன், இல்லை. நான் அவனைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் சத்தம் கேட்காது என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் போனதோ. திடீரென்று ஒரு சத்தம். மோர்ஸே இல்லை. காலிங் பெல்லை அழுத்துகிற மாதிரி நீளமாக ஒன்று, விட்டு இன்னொன்று, பிறகு கன்னாபின்னாவென்று நாலைந்து. மோர்ஸ் தெரியாத ஒரு கை அது. "ஏட்டி, உன் தம்பி ஆளப் பாத்துட்டான்" என்றேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரேடியோவில் அந்த அம்மா மலையாளத்தில் கடவுளுக்கு என்னவோ சொன்னார். அடுப்பில் வைத்த மீன்குழம்பு தீய்ந்துபோனது என்று பிறகொரு நாள் சொல்லிச் சிரித்தார்.

ஆம்புலன்ஸ் கால்வாய் ரோட்டில் நின்றது. மச்சினனும் இன்னொருவருமாகத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஊசி போட்ட பிறகுதான் மூச்சு சீரானதாம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முகம் பூசணிக்காயாக வீங்கி, ஒரு கண் மட்டும் திறந்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, அந்த ஏழெட்டு நிமிஷம் அவன் மேல் கீயை அழுத்திக்கொண்டிருந்தது நான்தான் என்று சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்காது.

அவன் அந்த ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தான். "தெரியும்லே. ஒன் சத்தம் எனக்கு நல்லாக் கேட்டுச்சு. நீ கைய எடுப்ப எடுப்பன்னு ஒவ்வொரு தடவையும் காத்துக்கிட்டு இருந்தேன். எடுத்ததும் அடிப்பேன், நீ மறுபடி அமுக்கிருவ."

திட்டவில்லை. திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருப்பேன். மூச்சு அடைத்துக்கொண்டு வருகிறபோதும், இன்னொருவன் பேசி முடிக்கட்டும் என்று அவன் எனக்கு வழி விட்டிருக்கிறான்.

நான் திருந்திப் பொறுமைசாலி ஆகிவிட்டேன் என்றெல்லாம் இல்லை. போன வாரம்கூடக் கம்பியை வெட்டி ஒட்டினேன். ஆனால் கீயில் விரல் வைக்கும் முன் வால்யூமை முழுக்கத் திறந்து கேட்கிறேன், எதுவுமே கேட்காதபோது இன்னும் கொஞ்ச நேரம் கேட்கிறேன். சத்தம் இல்லையென்றால் ஆள் இல்லை என்று இனி என்னால் நினைக்க முடியவில்லை.