ஈரத்தை வட்டமிட்டவர்

அவர் ஆங் மோ கியோ வட்டாரத்தில் ஒரு பறவை கிளினிக்கின் உதவியாளர். ஒல்லியானவர், சட்டைப்பையில் எப்போதும் ஒரு பென்சில். கூண்டுக்கடியில் வெள்ளைத்தாள் விரித்து, எச்சத்தைச் சுற்றிப் பரவும் ஈரத்தை வட்டமிட்டுப் பார்ப்பார். எங்கள் கிளியின் தாள் முழுவதும் நனைந்திருந்தது.

என் மகளுக்குப் பதினான்கு வயது. வீட்டில் எனக்கு ஒற்றைச் சொல்லில் பதில் சொல்பவள், அவரிடம் ஓயாமல் கேட்டாள். அவரும் பொறுமையாகச் சொன்னார்.

"உடம்புல தண்ணி குறைஞ்சா மூளையிலேர்ந்து ஒரு ஹார்மோன் வரும். தண்ணிய விடாதேன்னு கிட்னிக்குச் சொல்லும். உப்பு ரொம்ப உள்ள போனா, தண்ணியா குடிச்சு இப்படி நனைச்சுத் தள்ளும், கிளிக்குத் தாங்காதும்மா."

"கடல் பறவைங்க உப்புத்தண்ணி குடிக்குதே அங்கிள்?"

"அதுங்களுக்குக் கண்ணுக்கு மேல தனிச் சுரப்பி இருக்கு. உப்பு மூக்கு வழியா சொட்டிடும். இதுக்கு ஏது லா?"

என்னிடம் அவள் இப்படி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. அவள் கழிப்பறைக்குப் போனதும் அவர் குரலைத் தாழ்த்தினார். "சார், உப்பா ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"முறுக்கு," என்றேன். கிளியாவது என் தோளுக்கு வரட்டுமென்று, அவள் பள்ளிக்குப் போனபின் ஒரு வாரமாக ஊட்டியிருந்தேன்.

"நீங்களே சொல்லிருங்க. நான் சொல்ல மாட்டேன்."

பேருந்து நிறுத்தத்தில் சொன்னேன். அவள் கோபத்தில் அழுதாள். அந்தக் கோபத்தில் பாதியாவது அவர்மேல் போகட்டுமென்று, "அங்கிளுக்கும் தெரியும், உன்கிட்ட மறைச்சுட்டாரு," என்றேன்.

"மறைக்கலப்பா. நீங்க சொல்லுவீங்கன்னு நம்பியிருக்காரு."

கிளி பிழைத்துவிட்டது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். மகள் உடன் வராத நாளாகப் பார்த்துப் போகலாமென்றிருக்கிறேன்.