பாதிக் கோட்டுக்கு மேலே ஒரு விரல்

எங்கள் உப்பளத்தில் அம்பாரம் குவித்து முடித்ததும் நான் சும்மா வீட்டுக்குப் போக மாட்டேன். ஈரம் காய்வதற்குள் குவியலைச் சுற்றி நாலு பக்கமும் உள்ளங்கையை அழுத்தி அச்சு வைத்துவிட்டுத்தான் கரையேறுவேன். எவனாவது ஒரு கூடை அள்ளினாலும் மேலேயிருந்து உப்பு சரிந்து அச்சு கலைந்துவிடும். மறுநாள் போய்ப் பார்ப்பேன். அச்சு அப்படியே இருந்தால் உப்பும் அப்படியே இருக்கிறது என்று அர்த்தம். புதிதாக வாங்கிய பிக்கப் வண்டியின் டீசல் முள்ளையும் நான் அந்தக் கை அச்சு மாதிரியே நம்பினேன். அங்கேதான் ஏமாந்தேன்.

எழுத்து எனக்குக் கூட்டிக் கூட்டித்தான் வரும். இதையும் அப்படித்தான் எழுதுகிறேன், மெதுவாக. ஆனால் உப்பு விஷயத்தில் மரக்காணத்தில் என் பேச்சுக்கு மறுபேச்சு இருந்ததில்லை. இத்தனை மூட்டை என்று நான் சொன்னால் வியாபாரி எண்ணாமல் ஏற்றிக்கொண்டு போவான். வீட்டுக்காரர் போன பிறகு பாத்திகளை நானே பார்த்து, நானே விற்று, தலை நிமிர்ந்து நடந்தவள் நான்.

வண்டி ஓட்டுவது என் தம்பி. அம்மா செத்தபோது கைக்குழந்தை. என் இடுப்பில் வளர்ந்தவன். ஊரார் லாரியை ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குச் சொந்த வண்டி வேண்டும் என்று ஆசை. எனக்கும் வாடகை வண்டிக்காரர்களிடம் கெஞ்சி அலுத்துவிட்டது. இரண்டு பேருமாகத் திண்டிவனம் போனோம்.

ஷோரூமில் சட்டையை உள்ளே விட்ட பையன் ஒருவன் வந்து, "ஹைவேல லிட்டருக்குப் பதினஞ்சு குடுக்கும்மா" என்றான்.

"காலி வண்டிக்கா, லோடுக்கா? நான் உப்பு ஏத்தறவ. பஞ்சு ஏத்தல."

"லோடோடதாம்மா. நீங்க டேங்க் ஃபுல் பண்ணி, உப்ப ஏத்தி மெட்ராஸ் போய்ட்டு வாங்க. முள்ளு பாதிக் கோட்டுக்கு மேலயே நிக்கும். இல்லன்னா என்னை வந்து கேளுங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே, "சொல்றாங்கல்ல அக்கா" என்றான்.

முதல் நடை காசிமேட்டுக் கருவாட்டு வியாபாரிக்கு. நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து அனுப்பினேன். பொழுது சாயத் திரும்பி வந்தவன், சாவியைக் கூட எடுக்காமல், "அக்கா, வந்து பாரு" என்று கூப்பிட்டான். ஏறிப் பார்த்தேன். முள் பாதிக் கோட்டுக்கு மேலே ஒரு விரல் நின்றது. அந்தப் பையன் சொன்னது நெசம்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடைக்கும் அதே ஒரு விரல். ஏறுவேன், பார்ப்பேன், இறங்குவேன். டீக்கடையில், குழாயடியில், ரேஷன் கடையில் கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். கேட்காதவர்களுக்கும் சொன்னேன். "உப்பு லோடோட பதினஞ்சு. நான் சொல்றேன், வாங்கு."

என் பாத்தியை அடுத்துப் பாத்தி வைத்திருக்கிறவள் ஒருத்தி. என்னைவிட நாலைந்து வயது சின்னவள். கறவை மாடு இரண்டையும் விற்று முன்பணம் கட்டி, தன் மகன் ஓட்டுவதற்கு அதே வண்டியை எடுத்தாள். எடுப்பதற்கு முன்னால் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: "நீ பார்த்தியா அக்கா?" "என் கண்ணால பார்த்தேன்டி" என்றேன்.

சில மாதம் கழித்து டீக்கடை வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். நாலு பேர் இருந்தார்கள். என் தம்பியும் என் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"என்னாக்கா வண்டி இது? டீசலைத் தண்ணியாக் குடிக்குது. முள்ளு கோட்டுக்குக் கீழ எங்கியோ கெடக்குது. உன் வாய நம்பி மாட்டை வித்தேன்."

என் வாயைப் பற்றி நாலு பேர் எதிரில் அவள் அப்படிச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது. "ஒரே கம்பெனி, ஒரே ரோடு, ஒரே உப்பு. என் வண்டிக்கு நிக்கிற முள்ளு உன் வண்டிக்கு நிக்கலன்னா வண்டியக் கேக்காத, ஓட்டறவனைக் கேளு. வழியில டீசலை உறிஞ்சி விக்கிறானோ என்னவோ."

அவள் மகன் அங்கேதான் இருந்தான். கல்யாண வயசுப் பிள்ளை. முகம் கறுத்துப்போனது. "பெரிம்மா, வயசுக்கு மரியாதை குடுத்துப் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைத் தாயின் கையில் வைத்துவிட்டு நடந்தான். தாய் என்னை நம்பினாள். பெற்ற பிள்ளையை நம்பவில்லை. அதோடு அவன் ஆரோவில் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்கும் வருவதில்லை. கூலி டிரைவர் வைத்தாள். அப்போதும் முள் ஏறவில்லை. அவனும் திருடன் என்றேன்.

இதற்கு நடுவில் என் தம்பியின் பைக்கைக் காணோம். "ரிப்பேருக்கு விட்டிருக்கேன்க்கா" என்றான். வெயிலில் நடந்தே உப்பளத்துக்கு வந்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன மாசியில் எனக்குக் கண் மங்கலாகத் தெரிய, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காட்டலாம் என்று லோடு வண்டியிலேயே ஏறிக்கொண்டேன். "பஸ்ல போயேன்க்கா, வண்டி குலுக்கும்" என்றான். "என் வண்டியில நான் ஏறக் கூடாதாடா?" என்றேன். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டார்கள். திரும்பி வரும்போது எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. முள்ளும் தெரியவில்லை, கோடும் தெரியவில்லை.

ஊருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பங்க் வந்தது. "டேய் நிறுத்து, நான் பாத்ரூம் போவணும்" என்றேன்.

"இங்க வேணாம்க்கா. வீட்டுக்கே போயிடலாம்."

"வீடு வரைக்கும் தாங்காதுடா. நிறுத்துறியா, சீட்ட நாறடிக்கவா?"

நிறுத்தினான். தடவித் தடவிப் போய்விட்டுத் திரும்பி வரும்போது டீசல் போடுகிற பெண்ணின் குரல் கேட்டது. "என்னாண்ணா, இன்னிக்கி ஓரமா நிறுத்திட்டீங்க? எப்பவும் போல கோட்டுக்கு மேல ஒரு விரல் வரைக்கும்தானே?"

"இன்னிக்கி வேணாம்மா, போ, போ" என்றான் அவன்.

நான் அப்படியே நின்றேன். கண் தெரியாவிட்டாலும் காது நன்றாகவே கேட்டது. அந்தப் பெண்ணிடம், "ஏம்மா, எப்பவும்னா எப்பத்திலேருந்து?" என்றேன். "வண்டி புதுசா வந்ததிலேருந்தேம்மா. அண்ணன் முள்ளப் பார்த்துப் பார்த்து ஊத்தச் சொல்லும். நாங்க சிரிப்போம்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். அவன் கிளப்பவில்லை.

"பைக்கை வித்துட்டியா?"

"ம்."

"அந்தக் காசுலயா ஊத்தின?"

"மொத நாளே முள்ளு ரொம்பக் கீழ போயிடிச்சிக்கா. நீ ஆசையா எதிர்பார்த்துக்கினு இருப்ப. சரி, ஒரு தடவைன்னு கொஞ்சம் ஊத்திட்டேன். மறுநாளே நீ ஊரெல்லாம் சொல்லிட்ட. அப்புறம் எப்பிடி நிறுத்தறது? உன் பேச்சு பொய்யாப் போவக் கூடாதுன்னுதான்..."

"பொய்யாப் போயிருந்தா அன்னிக்கே ஷோரூம்காரன் சட்டையப் புடிச்சிருப்பேன். ஏமாந்துட்டேன்னு ஊர்ல நானே சொல்லியிருப்பேன். ரெண்டு நாள் சிரிச்சிருப்பாங்க. நீ என்னைப் பொய்க்காரியாவே வச்சிருந்தியேடா."

அவன் சாவியைத் திருகப் போனான். கையைத் தட்டிவிட்டேன்.

"அந்தப் புள்ளயத் திருடன்னு சொன்னேனே, நீ எங்க நின்ன?"

"உன் பக்கத்துலதான்."

"டீ குடிச்சிக்கினு."

"ஆமாக்கா."

ஷோரூம்காரன் ஏமாற்றினான். அவன் பொருளை விற்கிறவன், அந்நியன். அவன் சொன்னது காலி வண்டிக் கணக்கு என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். அவன் மேல் கோபம் வந்தது, போய்விட்டது. இவன் மேல் வந்தது போகவில்லை. எனக்காகத்தான் செய்தான், பைக்கை விற்றுச் செய்தான் என்று அக்கம்பக்கத்தில் அவனுக்குப் பரிந்து பேசுகிறார்கள். ஒரு நாள் ஊற்றியதை நானும் மன்னிப்பேன். டீக்கடையில் வாயைத் திறக்காமல் நின்றானே, அது யாருக்காக?

மறுநாள் அவனையே ஓட்டச் சொல்லி ஆரோவில் பக்கம் போனேன். அந்தப் பிள்ளை மண்வெட்டியோடு வெளியே வந்தான். நடந்ததைச் சொன்னேன். என் தம்பி வண்டியை விட்டு இறங்கவில்லை.

"எங்கிட்ட ஏன் பெரிம்மா சொல்ற? எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு" என்றான்.

சொன்னேன். அதே டீக்கடை, அதே நாலு பேர். பக்கத்துப் பாத்திக்காரியையும் வரச் சொல்லியிருந்தேன். "அந்தப் புள்ள திருடல. வண்டி தர்றதே அவ்வளவுதான். என் முள்ளு பொய் முள்ளு, இவன் வழியில ஊத்தி நிறுத்தினது" என்றேன். தம்பி தலையைக் குனிந்துகொண்டு நின்றான். கூட இருந்த ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே, "அப்ப இன்னிக்கிச் சொல்றதாவது நெசமா அக்கா?" என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை. "உனக்காவது உன் தம்பி எண்ணெய் ஊத்தினான். எனக்கு எம்புள்ளயே இல்லாம பண்ணிட்டியே" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை இன்னும் வீடு திரும்பவில்லை.

இப்போது வண்டி திரும்பி வந்தால் முள் எங்கே கிடக்கிறதோ அங்கேயே கிடக்கும். "அக்கா, வந்து பாரு" என்று அவன் இன்னமும் கூப்பிடுகிறான். நான் ஏறுவதில்லை.

இந்தப் பருவத்தின் முதல் அம்பாரத்துக்கும் கை அச்சு வைத்தேன். வியாபாரி வந்தான். மூட்டைக் கணக்கைச் சொன்னேன். தலையை ஆட்டினான். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், ஆளைக் கூப்பிட்டு, ஏற்ற ஏற்ற எண்ணச் சொன்னான். மூட்டையைத் தூக்கிக் கொடுத்தது என் தம்பி. ஒவ்வொன்றுக்கும் அந்த ஆள் உரக்கச் சொன்ன எண்ணைக் கேட்டுக்கொண்டு, கடைசி மூட்டை ஏறும் வரை நான் கரையிலேயே நின்றேன். கணக்கு சரியாக இருந்தது.