வளைவில் மிச்சமிருந்த சார்ஜ்

மலை மேலே உள்ள பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு அக்காவும் சத்துணவு சமைக்கிறோம். கூடப் பிறந்தவர் அல்ல. மூத்தவர் என்பதால் அக்கா. இருவருக்கும் அடிவாரத்தில் வீடு. காலையில் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் ஏறிப் போவோம்.

பாதி மலையில் ஒரு வளைவு வரைக்கும்தான் போனுக்கு டவர் உண்டு. அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. டவர் இல்லாத இடத்தில் போனைச் சும்மா வைத்திருந்தாலும் அது டவரைத் தேடிக்கொண்டே இருக்கும். தேடித் தேடியே சார்ஜ் தீர்ந்துவிடும். அதனால் மேலே போகிறவர்கள் எல்லோரும் அந்த வளைவு வந்ததும் போனை அணைத்துவிடுவார்கள். சாயங்காலம் இறங்கும்போது அதே இடத்தில் போடுவார்கள். அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று டிரைவரும் கொஞ்சம் நிறுத்துவார். அவரிடம் யாரும் கேட்டுக்கொண்டதில்லை.

என்னுடையது மகள் பயன்படுத்திக் கழித்த போன். அதில் நெட்டை அணைத்தே வைத்திருப்பேன். வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்திருப்பேன். “உன் போன பாக்கறதுக்கு இன்னொரு போன்ல டார்ச் அடிக்கணும்” என்பார் என் வீட்டுக்காரர். யாரிடமும் போய்ச் சார்ஜர் கேட்க எனக்குக் கூச்சம். அவ்வளவுதான் காரணம்.

போன புளி சீசனில் அக்காவின் வீட்டுக்காரர் மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. தருமபுரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆண்கள் வார்டு என்பதால் மகன் கூட இருந்தான். ஆடுகளைப் பார்க்க ஊருக்கு வந்த அக்கா, ஆபரேஷன் நாளில் வீட்டில் தனியாக உட்கார முடியாமல் வேலைக்கு வந்துவிட்டார். சாயங்காலம் அவர் வளைவுக்கு வரும் நேரம் பார்த்துக் கூப்பிடுவதாக மகன் சொல்லியிருந்தான்.

காலையில் வளைவில் எல்லோரும் போனை அணைத்தார்கள். அக்கா அணைக்கவில்லை.

“அணைச்சிருங்கக்கா, சார்ஜ் போயிரும்.”

“இருக்கட்டும் புள்ள. அணைச்சா அவர வுட்டுட்டு வந்தாப்பல இருக்குது.”

நான் என்னுடையதை அணைத்து வைத்தேன். முந்தின நாள் காற்றில் மரம் விழுந்து மேலே கரண்டும் இல்லை. பாத்திரம் கழுவி முடித்து அக்கா போனை எடுத்தபோது அது உயிரில்லாமல் கிடந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வளைவு வரை நடந்தே இறங்கினோம்.

“தம்பி நம்பர் தெரியுமாக்கா?”

“அவன் பேரத் தொட்டா போவும். நம்பர் ஆருக்குத் தெரியும்?”

நான் தாலிக்கொடியில் இருந்த ஊக்கைக் கழற்றி, என் போனின் ஓரத்து ஓட்டையில் குத்தி, அக்காவின் சிம்மைக் கழற்றி அதில் போட்டேன். இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். போன் வருவதற்குள் பஸ் வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்கள் வழக்கம்போலப் பேசி முடித்தார்கள்.

“ஏறுங்கக்கா, போலாம்” என்றார் கண்டக்டர்.

அக்கா ஏறவில்லை. எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள்.

“கொஞ்சம் இருங்க. ஆஸ்பத்திரியில இருந்து போன் வரணும்” என்றேன்.

“இந்தக்காவுக்குப் பேச்சு வருமா? இத்தன நாளா டிக்கெட் கேக்கக்கூட விரலத்தான காட்டுவாங்க” என்று கண்டக்டர் டிரைவரிடம் சொன்னார். டிரைவர் இன்ஜினை நிறுத்தினார்.

மணி அடித்தது. மகன்தான். ஸ்பீக்கரில் போட்டேன்.

“ஆபரேசன் முடிஞ்சுதும்மா. நல்லாத்தான் இருக்காரு. ஆட்டுக்குத் தண்ணி காட்டுனாளான்னு கேட்டாரு.”

“அவர பேசச் சொல்லு.”

“மயக்கம் இன்னும் தெளியல. வாய் கொழறுதும்மா.”

“அப்பறம் ஆட்டப் பத்தி மட்டும் எப்பிடிடா கேட்டாரு?”

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். “மறைக்கறான் புள்ள. என்னமோ மறைக்கறான்.”

சார்ஜ் கோடு சிவப்புக்கு வந்திருந்தது. நான் போனில், “தம்பி, வீடியோ போடறேன், அப்பா பக்கத்துல போ” என்று சொல்லி, நெட்டைப் போட்டேன். பல நாளாக நிறுத்தி வைத்த செய்திகள் எல்லாம் சத்தம் போட்டுக்கொண்டு வந்து விழுந்தன. வெளியில் வெயில், அக்காவின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, வந்த நம்பருக்கு வீடியோ போட்டேன்.

முதலில் ஒரு மின்விசிறி தெரிந்தது. பிறகு கட்டம் கட்டமாக உடைந்து ஒரு முகம். உதடு காய்ந்து, கண் பாதி மூடியிருந்தது. அக்கா கூப்பிட்டதும் அந்தக் கண் எங்களைத் தேடியது. கட்டிலிலிருந்து ஒரு கை எழுந்து, என்ன என்பதுபோல விரிந்தது.

“காட்டிட்டேன். காலையிலயே தண்ணி காட்டிட்டேன்” என்றார் அக்கா.

திரையில் அவர் தலையை அசைத்தார். அக்கா முகத்தைத் திரைக்கு அருகில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அது அணையும் வரைக்கும்.

பஸ்ஸில் ஏறியதும் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

“சவரங்கூடப் பண்ணிவுடாம வெச்சிருக்கறான் பாரு” என்றார்.